வீட்டின் வெம்மையும் தண்மையும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்விற்கு இன்றியமையாதன என்பதை இளஞ்சிறாரும் அறிவர. இம்மூன்றனுள் உணவைக் குறித்து நாடோறும் எண்ணுகிறோம். உடையை நாடோறும் துவைக்கிறோம். உறையுளையோ, ஒருமுறை கட்டி முடித்துப் பால் காய்ச்சிக் குடிபுகுந்துவிட்டால், பின்னர் அது தானே நம்மைக் காக்கும் என்று வாளா இருந்துவிடுகிறோம். இவ்வெண்ணம் எத்துணைப் பிழையுடையது என்பதை எம் இல்லத்தில் நேர்ந்த இரண்டு நோய்களால் யாம் அறிந்தோம். அவற்றை ஈண்டு எழுதப் புகுந்தது எம் குடும்பச் செய்தியைப் பரப்பும் விருப்பினால் அன்று. இவ்விதழைப் படிக்கும் அன்பர் இல்லங்களிலும் அதே கூரையும் அதே தொட்டியும் இருத்தல் கூடும் என்னும் அச்சத்தினாலேயாம்.

எம் தந்தையார் ஊர் பெரம்பலூரைச் சார்ந்த ஆலத்தூர் வட்டத்திலும், தாயார் பிறந்த ஊர் அரியலூரைச் சார்ந்த உடையார்பாளையம் வட்டத்திலும் உள்ளன. இரண்டு பகுதிகளும் முன்னர்த் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துள் அடங்கியிருந்தன. பெரம்பலூர் 1995-ஆம் ஆண்டிலும், அரியலூர் நிலையாக 2007-ஆம் ஆண்டிலும் தனி மாவட்டங்களாயின. இந்நிலம் ஒரு காலத்தில் கடலாயிருந்தது என்று நிலநூலார் கூறுவர். கோடிக்கணக்கான ஆண்டுகட்கு முன் அக்கடலடியிற் படிந்த உயிர்களின் ஓடுகளே இன்று அரியலூரின் சுண்ணாம்புக் கற்களாய்க் கிடக்கின்றன. எம்மூருக்கு அணித்தாகிய சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள மரமொன்று கல்லாய் மாறிக் கிடப்பதைக் காணாத மாணவர் எம் பக்கத்தில் அரியர். அத்தகைய நிலத்தில், இன்று சித்திரை வைகாசித் திங்கள்களில் கடற்காற்று எட்டுவதில்லை. கரிசல் மண் வெடித்துக் கிடக்கும்; பச்சைமலையின் மேலிருந்து வரும் காற்றும் அனற்காற்றாகவே இருக்கும்.

யாம் சிறுவராயிருந்த காலத்தில் எமது வீடு நாட்டு ஓடு வேய்ந்த வீடு. நடுவில் முற்றம், நாற்புறமும் தாழ்வாரம், தெருவை நோக்கிய திண்ணை. மண்சுவர் ஒன்றரை முழ அகலம் இருக்கும். வெயில் உச்சிக்கு ஏறிய வேளையிலும் உள்ளே நுழைந்தால், கிணற்றில் இறங்கினாற் போன்ற குளிர்ச்சி தோன்றும். அக்குளிர்ச்சி அவ்வீட்டின் இயல்பு என்றே அந்நாளில் எண்ணியிருந்தோம். அஃது உழைப்பினால் வந்தது என்பது பின்னரே புலனாயிற்று. எம் தந்தையின் தாயாரை யாம் அப்பாயி என்று அழைப்போம். அவர் ஆட்சியில் அவ்வீட்டிற்கு ஆண்டுக் கடமைகள் இருந்தன. பொங்கலுக்கு முன் சுவரெங்கும் சுண்ணாம்பு; ஆடி மழைக்கு முன் ஓடு மாற்றுதல்; வெள்ளிதோறும் சாணமிட்டுத் தரை மெழுகுதல்; கோடையில் மாலைதோறும் முற்றத்தில் நீர் தெளித்தல். ஓடு மாற்றுவோர் கூரையின்மேல் அமர்ந்து, உடைந்த ஓட்டைக் களைந்து, இடுக்கில் அடைந்த சருகையும் மண்ணையும் தட்டி, மீண்டும் அடுக்குவர். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையிலுள்ள சிறு வெளியின் வழியாகவே வீட்டின் வெப்பம் மேலேறிப் போகும். அவ்விடுக்கு அடைபட்டால் வெப்பமும் அடைபடும். அப்பாயி இக்காரணத்தை அறிந்திருந்தாரோ இல்லையோ, அக்கடமையை ஓராண்டும் தவறவிட்டதில்லை.

காலம் மாறியது. ஓடு மாற்றும் தொழிலாளர் அருகினர். குரங்குகள் ஓட்டைப் புரட்டிப் போட்டன. ஒவ்வொரு மழைக்கும் வீட்டினுள் பாத்திரம் வைக்கும் நிலை வந்தது. எம் தந்தையார் பொறுத்துப் பார்த்து, வீட்டின் பின்பாதியில் ஓட்டை இறக்கிவிட்டுச் சிமெண்டுத் தகடு போட்டார். முற்றத்தின் மீதும் தகடு ஏறியது. ஒழுக்கு நின்றது, செலவும் குறைந்தது. அவரைக் குறை கூற எமக்கு வாயில்லை. அவ்வாண்டில் யாமும் அதனை மெச்சினோம். ஆனால் மெல்லிய தகடு பகலெல்லாம் கதிரவன் வெப்பத்தை உண்டு, அதனைக் கீழே இருப்போர்மேல் உமிழ்ந்துகொண்டே இருக்கும் என்பதையும், முற்றத்தை மூடியதனால் அவ்வெப்பம் வெளியேற இருந்த ஒரே வாயிலும் அடைபட்டது என்பதையும் ஒருவரும் எண்ணிலோம்.

அதற்கடுத்த கோடையில், கத்திரி வெயிலின் நடுவே, ஒரு நாட் பிற்பகலில் அப்பாயி கட்டிலிற் கிடந்தவாறே பிதற்றத் தொடங்கினார். மேனி அனலாய்க் கொதித்தது; வியர்வை ஒரு துளியும் இல்லை. எம் பெயரையும் தந்தையார் பெயரையும் மாற்றி மாற்றி அழைத்தார். தலைக்குமேல் மின்விசிறி முழு விசையோடு சுழன்றுகொண்டுதான் இருந்தது. வீட்டின் காற்றே 40 பாகைக்கு மேல் கொதிக்கும்போது, விசிறி குளிர்விப்பதற்கு மாறாக அவ்வனலையே உடலின்மேல் வீசும் என்பதை அன்று யாம் அறிந்திலோம். ஈரத் துணியால் உடலைத் துடைத்தபடியே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். உடல் வெப்பம் 40 பாகையைக் கடந்து அறிவு தடுமாறுமாயின் அது வெப்பவாதம் என்றும், நாழிகை ஒவ்வொன்றும் உயிரைப் பற்றியது என்றும் மருத்துவர் உரைத்தார். முதியோர்க்குத் தாகம் தோன்றுவது குறைவு, வியர்வையும் குறைவு, ஆதலின் அவர்கள் உடல் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ள இயலாது என விளக்கினார். பின்னர், "உங்கள் வீட்டுக் கூரை எத்தகையது?" என்று வினவினார். அவ்வினா எம்மைத் தலைகுனியச் செய்தது. மருந்தைப் பற்றியே கேட்க வந்த எமக்கு, நோயின் முதல் தலைக்குமேல் இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

இறைவன் அருளால் அப்பாயி பிழைத்து வீடு வந்தார். வந்த சில நாட்களுக்குப் பின், கொல்லையில் இருந்த வெங்காயப் பட்டறையைச் சுட்டிக் காட்டி எம் தந்தையாரிடம் ஒரு வார்த்தை சொன்னார். பட்டறை இன்னதென்று பிற ஊரார்க்குச் சிறிது கூறுதல் வேண்டும். எம் பகுதியில் விளையும் சின்ன வெங்காயத்தை நல்ல விலை வரும் வரையில் திங்கட்கணக்கிற் காத்து வைக்க உழவர் அமைக்கும் கொட்டகை அது. தரையினின்று சற்று உயர்த்திக் கற்களின்மேல் கழிகளைப் பரப்பி, பக்கங்களைக் காற்றுப் புகுமாறு இடைவெளி விட்டு அடைத்து, மேலே கீற்று வேய்ந்திருப்பர். அகலம் குறைவாகவும் நீளம் மிகுதியாகவும் இருத்தலின், காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போகும். அத்துடன் அமையாது, அவ்வப்போது வெங்காயத்தைக் கிளறி, அழுகியதைப் பொறுக்கி எறிவர். அப்பட்டறையைக் காட்டித்தான் அப்பாயி, "ஏனையா, வெங்காயத்துக்குக் காற்று வேண்டும் என்று தெரிந்த உனக்கு, கிழவிக்கும் காற்று வேண்டும் என்று தெரியாமற் போயிற்றா?" என்றார். சினந்து கூறவில்லை, சிரித்தே கூறினார். எம் தந்தையார் மறுமொழி கூறாது எழுந்து போனார்.

மறுவாரமே முற்றத்தின் மேலிருந்த தகடு இறங்கியது. பின்பாதித் தகட்டின்மேல் சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, சிறிது பசை சேர்த்து இருமுறை பூசினோம். வெண்மை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். கருமையும் பழுப்பும் அதனை உள்வாங்கும். இஃது எளிய இயற்பியல் நூலிலேயே உள்ளது. அகமதாபாத்து நகரில் 2010-ஆம் ஆண்டு மே மாதத்துக் கொடு வெயிலிற் பலர் மாண்டதன் பின்னர், அந்நகராட்சியார் 2013-ஆம் ஆண்டில் வெப்பத் தடுப்புத் திட்டமொன்றை வகுத்தனர். பின்னர் ஏழையர் கூரைகளுக்கு வெள்ளை பூசுவதையும் அதனோடு சேர்த்தனர். இவ்வாறு பூசிய கூரையின்கீழ் வெப்பம் 2 முதல் 5 பாகை வரை குறையலாம் என்பர். எம் கண்முன்னே கண்டது இதுவே: முன்பு தகட்டின் அடியிற் கையுயர்த்தினாலே வெம்மை சுடும், பூசியபின் அச்சூடு தணிந்து, அப்பாயி பிற்பகலில் கண்ணயர முடிந்தது.

இச்சுண்ணாம்பின் வரலாறும் வியத்தற்குரியது. சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 900 பாகை வெப்பத்திற் சுட, அதனுள் அடங்கிய கரியமிலவாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பாகிறது. நீர் சேர்த்து நீற்றிச் சுவரிற் பூசிய பின், அது காற்றிலுள்ள அதே வாயுவைச் சிறிது சிறிதாக மீண்டும் ஏற்று, மறுபடியும் கல்லாகிறது. அக்கல்லையே களிமண்ணோடு கூட்டி 1,450 பாகை அளவிற் சுட்டு அரைத்தால் சிமெண்டாகிறது. எம்மைச் சுட்ட சிமெண்டும், எம்மைக் குளிர்வித்த சுண்ணாம்பும் ஒரே கல்லின் மக்கள். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. ஓராண்டிற்குள் புழுதி படிந்து அவ்வெண்மை மங்கிவிடும். மங்கியபின் பயன் குறையும். பூசுவது ஒரு நாட் செயல். கழுவுவதும் மீண்டும் பூசுவதும் ஆண்டுதோறும் செய்யவேண்டிய கடன். தகடு கல்நார் கலந்ததாயின், உலர்ந்த நிலையிற் சுரண்டுதல் கூடாது. அத்தூள் நுரையீரலுக்கு நஞ்சு. நனைத்து மெல்லக் கழுவுதலே முறை.

இவ்வளவோடு எம் கல்வி முற்றிற்றென்று எண்ணினோம், முற்றவில்லை. அப்பாயியின் பொருட்டு, நீர் ஊற்றிக் காற்றைக் குளிர்விக்கும் 'ஏர்கூலர்' ஒன்றை எம் தம்பி வாங்கி வந்தான். கோடை முழுவதும் அது நன்கு பயன்பட்டது. ஆடி பிறந்து காற்று மாறியதும் அதனை நிறுத்தி, ஒரு மூலையில் தள்ளினோம். அடித்தொட்டியில் இருந்த நீரை வடிக்க ஒருவரும் நினைக்கவில்லை. ஐப்பசியில் மழை வலுத்தபோது, தம்பியின் ஆறு வயது மகளுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. டெங்கு என்று சோதனையில் தெரிந்தது. ஒரு வாரம் அக்குழந்தையின் கட்டிலருகே எவரும் உறங்கவில்லை. அவ்வாரத்திலேயே வீடு வீடாகச் சோதிக்க வந்த சுகாதாரப் பணியாளர் அம்மையார் ஒருவர், தொட்டிகளையும் உரலையும் பார்த்துவிட்டு, கடைசியாக அக்குளிர்காற்றுப் பெட்டியின் மூடியைத் திறந்து விளக்கடித்துக் காட்டினார். தெளிந்த நீரில் புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. ஏடிஸ் என்னும் அக்கொசு சாக்கடையை நாடுவதில்லை. நல்ல நீரையே நாடும். முட்டை கொசுவாவதற்கு 7 முதல் 10 நாட்கள் போதும். நீரை வடித்துவிட்டாலும், தொட்டியின் பக்கங்களில் ஒட்டிய முட்டைகள் உலர்ந்த நிலையிலேயே பல திங்கள் உயிரோடிருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரியும். ஆதலின் வாரம் ஒருமுறை வடிப்பதோடு தேய்த்துக் கழுவுதலும் வேண்டும் என்று அவ்வம்மையார் பொறுமையோடு சொல்லிச் சென்றார். குழந்தையைக் கடித்த கொசு அத்தொட்டியிற் பிறந்ததுதான் என்று எவராலும் உறுதிகூற இயலாது. எனினும் முதியவரைக் காக்க வாங்கிய பெட்டியே சிறுமியின் பகையை வளர்த்தது என்னும் எண்ணம் இன்றும் எம் நெஞ்சை விட்டு அகலவில்லை. அக்குழந்தை நலமடைந்தாள் என்பதொன்றே ஆறுதல்.

தண்மையின் கதை இவ்வாறாக, வெம்மையின் கதையை எம் தாயார் பிறந்த ஊரிற் காணலாம். உடையார்பாளையப் பக்கம் முந்திரிக் காடுகள் மிகுதி. கழித்த கிளைகள் விறகாகின்றன. ஏழையர்க்கு எரிவாயு இணைப்பு வழங்கும் உஜ்வலா திட்டம் 2016-ஆம் ஆண்டில் தொடங்கியது. எம் அம்மாயி வீட்டிலும் எரிவாயு அடுப்பு உண்டு. சோறும் குழம்பும் அதிலேயே ஆகின்றன. ஆயினும் குளிப்பதற்கு வெந்நீர் வைப்பது மட்டும் இன்றும் விறகடுப்பிற்றான், விறகிற்கு விலையில்லையே! மார்கழிப் பனியில் குளிருக்கு அஞ்சிக் கதவும் சன்னலும் சாத்தியிருக்க, அப்புகை வீட்டையே சுற்றிச் சுற்றி வரும். அம்மாயியின் இருமலை யாம் அவர் குரலின் ஒரு பகுதியாகவே எண்ணிப் பழகிவிட்டோம். விறகுப் புகையினால் நாட்பட்ட நுரையீரல் நோயும், குழந்தைகட்கு நுரையீரற் காய்ச்சலும் உண்டாகின்றன. வீட்டுப் புகையினால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 இலட்சம் மக்கள் மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பிறந்த குழந்தையின் அறையைச் சாத்திவைத்துத் தணல் மூட்டுவதும், காற்றுப் புகாத குளியலறையில் எரிவாயுக் கொதிகலன் வைப்பதும் இன்னும் கொடியவை. மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வாயு உறக்கத்திலேயே உயிரைப் போக்கும்.

இப்புகையைப் போக்க அறிஞர் முயலாமல் இல்லை. ஐதராபாத்தைச் சார்ந்த பொறியியலறிஞர் எஸ். பி. ராஜு என்பார், கோடிக்கணக்கானோர்க்குப் புகையில்லாச் சமையலறை அமைப்பது குறித்து எழுதிய சிறு நூலை, சென்னைக் கிறிஸ்தவ இலக்கியச் சங்கத்தார் 1953-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மண்ணாலேயே அடுப்புக் கட்டிப் புகைபோக்கி வைக்கும் முறை அது. நடுவணரசு 1983-ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ இருபதாண்டுகள், மூன்று கோடிக்கு மேற்பட்ட சீர்திருத்திய அடுப்புகளை நாடெங்கும் வழங்கியது. அவற்றுட் பல சில ஆண்டுகளில் உடைந்தும் அடைபட்டும் கைவிடப்பட்டன. ஏன்? இவ்வினாவிற்கு ஒடிசா மாநிலத்தில் ஏறத்தாழ 2,600 குடும்பங்களைப் பல்லாண்டு கண்காணித்த ஆய்வொன்று விடை தருகிறது. ரேமா ஹன்னா, எஸ்தர் டூஃப்ளோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகிய பொருளியலறிஞர் மூவர் நிகழ்த்திய அவ்வாய்வு 2016-ஆம் ஆண்டில் அச்சேறியது. புதிய அடுப்பு வந்த முதலாண்டில் சமைப்போர் உட்கொண்ட புகை குறைந்தது; பின்னாண்டுகளில் அக்குறைவு மறைந்தது; உடல்நலத்திற் பயன் காணவில்லை. மக்கள் அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவுமில்லை. புகைபோக்கியைத் துப்புரவு செய்து பழுதுபார்க்கவுமில்லை. இதனைப் படித்த அன்று எமக்கு அம்மாயி வீட்டுப் புகைபோக்கி நினைவுக்கு வந்தது. அங்கும் ஒன்று உண்டு. விடுமுறையில் அதனுட் கழியை விட்டுப் பார்த்தோம். பாதிக் குழாய் கரியால் அடைபட்டிருந்தது. அடைந்திருந்த கரியை எல்லாம் ஒரு முற்பகலிற் கொட்டிவிட்டோம். அவ்வேலையைச் செய்ய யாம் பதினைந்தாண்டு காத்திருந்தது வெட்கத்திற்குரியது.

ஓடாயினும், தகடாயினும், அடுப்பாயினும், பெட்டியாயினும், நலம் தருவது பொருளன்று. அப்பொருளின்பால் நாம் தொடர்ந்து செலுத்தும் கவனமே நலம் தருவது. இஃது ஏ.சி. என வழங்கும் குளிர்சாதனத்திற்கும் பொருந்தும். பெரம்பலூரிலும் அரியலூரிலும் இன்று அது நடுத்தரக் குடும்பங்களிலும் புகுந்துள்ளது. அறைக் காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றுவது அதன் இயல்பு. ஆதலின் அதன் வடிகட்டியிற் படிந்த தூசு குழந்தைகளின் மூச்சிற் கலக்கும். இருவாரத்திற்கு ஒருமுறை அவ்வடிகட்டியைக் கழற்றிக் கழுவுதற்குக் கால்நாழிகைக்கு மேல் ஆகாது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் அரியலூர்ச் சாலையோர வீடுகளில், வெளியே பொருத்திய பெட்டியையும் அடிக்கடி துடைத்தல் வேண்டும். 24 பாகையில் வைத்து, நாளுக்குச் சில வேளை சன்னலைத் திறந்துவிடுதல் உடலுக்கும் நன்று, மின்கட்டணத்திற்கும் நன்று.

ஈண்டு மற்றொன்றும் கூறாது விடலாகாது. இப்பணிகளை எல்லாம் முற்காலத்தில் பெரும்பாலும் பெண்டிரே செய்தனர். அவர்கள் செய்தவரையில் அவை பணியென்றே எவர்க்கும் தோன்றவில்லை. அவர்கள் தளர்ந்தபின் அவை நின்றுபோயின. அப்பாயியின் கை ஓய்ந்த ஆண்டிலிருந்தே எம் வீடு நோயை நோக்கி நடந்தது என்று இப்போது எண்ணுகிறோம். மேலும், தகட்டு வீட்டில் வாடகைக்கு இருக்கும் கூலியாளர் தம் கூரையைத் தாமே மாற்ற இயலாது. தமிழக அரசு 2024-ஆம் ஆண்டில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துள்ளது. அவ்வாண்டிலேயே குடிசைகளைக் கற்காரை வீடுகளாக்கும் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தையும் தொடங்கியது. வீடு தருவோர் அதன் தளத்திற்கு வெண்பூச்சும், எதிரெதிர்ச் சன்னலும் தருவாராயின், பின்னர் மருத்துவமனைக்குச் செலவிடுவது குறையும்.

இப்பொழுது எம் வீட்டுச் சுவரில் நாட்காட்டிக்கு அருகே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மாசியிற் கூரைக்குச் சுண்ணாம்பு. ஆனியில் முன்பாதிக்கு ஓடு மாற்றுதல். கோடையில் சனிதோறும் குளிர்காற்றுப் பெட்டியைத் தேய்த்தல். ஆடி முதல் நாளில் அதனை முற்றிலும் வடித்து உலர்த்திக் கவிழ்த்தல். கார்த்திகையிற் புகைபோக்கி துடைத்தல். ஒவ்வொன்றிற்கும் எதிரே ஒருவர் பெயர் உண்டு; அவற்றுட் பாதி ஆடவர் பெயர். சனிக்கிழமைத் தொட்டி தேய்ப்பது தம்பி மகளின் பங்கு. தேங்காய் நாரும் வாளியுமாக அவள் அமர்ந்து தேய்ப்பதை, அப்பாயி முற்றத்து நிழலிற் கட்டிலிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். "மூலையை விட்டுவிட்டாயே, கண்ணு" என்பார். அவளும் மீண்டும் குனிந்து அம்மூலையைத் தேய்ப்பாள்.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பர் நம் முன்னோர். வெயில் வருமுன்னரே அதனை அறிந்து நடத்தல் நம் கையில் உள்ளது. இவ்விதழைப் படிக்கும் மாணவ அன்பர்கள் விடுமுறைக்கு ஊர் சென்றதும், தத்தம் வீட்டுக் கூரையை ஒருமுறை ஏறிப் பார்ப்பார்களாக. தொட்டியின் மூடியை ஒருமுறை திறந்து பார்ப்பார்களாக.